மஞ்சள் தடவிய பதினொரு கார்டுகள்

கடன் உள்ள வீட்டில் வளர்கிற பிள்ளைகளுக்கு ஊர் கொஞ்சம் கோணலாகத்தான் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து நான் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு நேராகப் போனால் ஐந்து நிமிடம். நான் இருபது நிமிடம் நடப்பேன். நேர்வழியில் சிவனு அண்ணாச்சியின் பலசரக்குக் கடை இருந்தது. இடது பக்கம் திரும்பினால் வட்டிக்குக் கொடுக்கும் வேலாயுதம் அண்ணாச்சியின் வீடு. வலது பக்கம் போனால் அக்கா கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். அதனால் தேரடியைச் சுற்றி, பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து, திருநெல்வேலிக்குப் போகிறவள் மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மறுபக்கம் வழியாக வெளியேறுவேன். சங்கரன்கோவிலுக்கு வருகிறவர்கள் கோயிலைச் சுற்றுவார்கள். நாங்கள் கடன் கொடுத்தவர்களைச் சுற்றிப் போவோம். (எதில் புண்ணியம் அதிகம் என்று தெரியவில்லை. கால் வலி இதில்தான் அதிகம்.)

அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பன்னிரண்டு சைக்கிள்கள். யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். யாராவது சைக்கிளைச் சும்மா கேட்டால் கொடுத்துவிடுவார். யாராவது பணத்தைக் கடனாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அக்கா கல்யாணத்துக்கு வாங்கியதில் ஆரம்பித்தது. அதற்கு வட்டி கட்ட இன்னொருவரிடம் வாங்கினார். அவருக்குத் தவணை சொல்ல மூன்றாமவரிடம் வாங்கினார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயரும் பாஸ் செய்து, அதே இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த வருடத்தில், அப்பா சைக்கிள் மிதிக்கிற வேகத்தைவிட வட்டி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆடி மாதம் பாதியில் ஒருநாள் வேலாயுதம் அண்ணாச்சி கடைக்கே வந்துவிட்டார்.

"ஆடி முடியட்டும்னு பாக்கேன்" என்றார். "ஆவணி முதல் திங்கக்கிழமை ஆள் கூட்டிக்கிட்டு வருவேன். பன்னெண்டு சைக்கிளையும் உருட்டிக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது வே."

அப்பா சிரித்துக்கொண்டே, "வாங்க அண்ணாச்சி, ஒரு காப்பி சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றார். அதற்கும் இல்லை என்று சொல்லத் தெரியவில்லை.

சைக்கிள் போனால் சோறு போனது. அவ்வளவுதான் விஷயம். அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, நாம மொத்தம் எத்தனை பேருக்குக் கொடுக்கணும்?"

"ஒரு நாலஞ்சு பேரு இருக்கும் மக்கா."

குழம்புச் சோறு முடிவதற்குள் அது ஏழானது. மோர் ஊற்றும்போது ஒன்பது. கை கழுவப் போன இடத்தில் இன்னும் இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். பதினொன்று. அதில் மூன்று பேரை அம்மாவே அன்றுதான் கேள்விப்பட்டாள். பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். வீட்டுக்கு எழுத்து என்று எது வந்தாலும், கரண்டு பில்லிலிருந்து மாத்திரை அட்டை வரைக்கும், என் முன்னால்தான் வைக்கப்படும். நான் அதைத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடம் மௌனமாக இருந்துவிட்டுத்தான் வாசிப்பேன். (அந்த மௌனத்துக்கு ஒரு தேவையும் கிடையாது. கெத்துக்குத்தான்.) இன்ஸ்டிடியூட்டில் வேகம் பழகுவதற்கு ஒரு வணிகவியல் புத்தகம் வைத்திருந்தார்கள். அதில் ஒரு பக்கத்தை நூறு தடவையாவது டைப் அடித்திருப்பேன். நொடித்துப்போன வியாபாரி தனக்குக் கடன் தந்தவர்களை ஒன்றாக அழைத்து, உண்மை நிலையைச் சொல்லி, தவணை கேட்க வேண்டும் என்று அதில் இருந்தது. கடன் தந்தவர்களுக்கு அந்தப் புத்தகம் வைத்திருந்த பெயர் 'கடனீந்தோர்'. நூறு தடவை அடித்த பக்கத்தை நூற்றொன்றாவது தடவைதான் அர்த்தத்தோடு வாசித்தேன்.

"கூட்டம் போடுவோம்" என்றேன்.

"எல்லாரையும் ஒண்ணாவா?" அப்பா பயந்தார். "ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமத்தானே இத்தனை நாளு ஓட்டிக்கிட்டு வந்தேன்?"

"அதுதான் தப்பு. புத்தகத்துலயே இருக்கு."

புத்தகத்தில் இருக்கிறது என்றால் எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

ஆவணி முதல் ஞாயிறு, காலை பத்து மணி என்று நாள் குறித்தேன். எனக்கு லீவு நாள், அதனால். அன்று வளர்பிறை முகூர்த்தம் என்பதைக் காலண்டரில் நான் பார்க்கவில்லை. பதினைந்து காசுத் தபால் கார்டுகள் பதினொன்று வாங்கிவந்து, என் மணிமணியான கையெழுத்தில் எழுதினேன். அதுவரைக்கும் எனக்கு எழுதத் தெரிந்தவை இரண்டே ரகம். ஒன்று லீவு லெட்டர். இன்னொன்று, அக்கா கல்யாணத்துக்கு நான் எழுதிக்கொடுத்த அழைப்பிதழ். இதற்கு லீவு லெட்டர் பொருந்தாது என்பதால் இப்படி எழுதினேன்:

"அன்புடையீர், வணக்கம். நிகழும் ஆவணி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில் எமது இல்லத்தில் நடைபெறவிருக்கும் கடனீந்தோர் கூட்டத்திற்குத் தாங்கள் தவறாது வருகை தந்து, எமது நிலையைக் கேட்டறிந்து, தக்கதோர் வழி காட்டுமாறு வேண்டுகிறோம். தங்கள் நல்வரவை விரும்பும்," பிறகு அப்பா பெயர்.

கார்டுகளைப் பாயில் பரப்பிக் காயவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அம்மா கடைசிக் கார்டின் நான்காவது மூலையில் குழைத்த மஞ்சளைத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்யுத?"

"மூலையெல்லாம் வெறிச்சுன்னு இருந்துச்சுட்டி. கருமாதிக் கடுதாசி மாதிரி. நல்லது நடக்கணும்னுதானே கூப்பிடுதோம்?"

வேறு பதினொரு கார்டு வாங்கக் காசில்லை. அதைவிடப் பெரிய காரணம் என் கர்வம். இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன், எழுத்தைப் படிக்காமல் மூலையையா பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பதினொரு பேரில் எத்தனை பேர் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. பெட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தேன். அன்று நேர்வழியிலேயே வந்தேன் என்று ஞாபகம்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்டிடியூட்டிலிருந்து இரண்டு பெஞ்சுகளை இரவல் வாங்கி வாசலில் போட்டோம். பதினொரு டம்ளர்களைத் துலக்கி வைத்தேன். காப்பிக்குப் பால் சொல்லியிருந்தோம். நான் பேச வேண்டியதை ஒரு தாளில் ஐந்து பத்திகளாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன்.

ஒன்பதரைக்கே முதல் ஆள் வந்தாகிவிட்டது. ராயகிரி பேச்சியம்மாள். அக்காவின் கம்மலுக்குப் பணம் கொடுத்தவள். பட்டுச் சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. பின்னால் இரண்டு மருமகள்கள், அவர்கள் இடுப்பில் ஆளுக்கொரு குழந்தை, கையில் எவர்சில்வர் குடம். குடத்தின் கழுத்தில் பூ சுற்றியிருந்தது.

"ஏட்டி கோமதி, இன்னும் சீலை கூட மாத்தலையா?" என்று என் தாடையைப் பிடித்தாள். "மாப்பிள்ளைக்கு எந்தூரு?"

"பெரியம்மா, கார்டைப் படிச்சியளா?"

"நான் எங்கன படிக்க? பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட காட்டினேன். மஞ்சளைப் பாத்ததுமே கல்யாணம்னு சொல்லிட்டான். ஞாயித்துக்கிழமை பத்து மணின்னான். எனக்கு அது போதாதா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வீட்டின் மோட்டு ஓடுகளை முதன்முறையாகப் பார்ப்பவள் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து கரிவலம்வந்தநல்லூர் எண்ணெய் வியாபாரி குடும்பத்தோடு வந்தார். பந்தல்காரர், வாழைமரம் கட்டாததைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தார். கடையநல்லூரிலிருந்து மைதீன் பாய் வந்தார். தவணைக்கு ஜவுளி கொடுப்பவர். ஒரு சேலைப் பெட்டியை என் கையில் வைத்தார்.

"உங்க வாப்பா பாக்கி வச்சிருந்தாலும் மனுசன் தங்கம்மா. இது புள்ளைக்கு. அல்லாஹ் பரக்கத் செய்வான்."

(அந்தச் சேலையின் விலை எனக்கு நன்றாகத் தெரியும். அக்காவுக்கு எடுத்த அதே ரகம். அதற்குத்தான் தவணை பாக்கி.)

பத்து மணிக்கு நான் தலையை எண்ணினேன். நாற்பத்தாறு. டம்ளர்கள் பதினொன்று.

அப்பாவை வீட்டின் பின்பக்கம் இழுத்துப் போனேன். "இப்பவே சொல்லிருங்க, கல்யாணம் இல்லன்னு."

"பசியோட வந்திருக்காவ மக்கா. சாப்பிட்டப்புறம் சொல்லுவோம்."

"சாப்பாடு எங்கப்பா இருக்கு?"

அதற்குள் வாசலில் யாரோ, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எப்ப வாராவ?" என்று கேட்டார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, "வந்துக்கிட்டே இருக்காவ" என்றார். இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர், இல்லாத மாப்பிள்ளைக்குச் சம்பந்தி வீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

சாப்பாட்டுப் பிரச்சினையைத் தீர்த்தது சிவனு அண்ணாச்சி. அடுப்பு எரியாததைப் பார்த்தார். அம்மா முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, "என் கடை அரிசி இல்லாம இந்த வீட்டுல என்னைக்குக் காரியம் நடந்திருக்கு?" என்று எழுந்துபோய்க் கடையைத் திறந்து அரிசி, பருப்பு, புளி, கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஒரு கைவண்டியில் அனுப்பினார். வண்டிக்குப் பின்னால் கணக்கு நோட்டோடு அவரும் வந்தார். கடனை அடைக்கக் கூட்டிய கூட்டத்துக்கு, கடன் கொடுத்தவரிடமே கடன் வாங்கிச் சமைத்த வீடு எங்களுடையது. பேச்சியம்மாள் பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கல்யாண வீட்டுல ஒரு திட்டம் கிடையாதா?" என்று அம்மாவைத் திட்டியபடியே கரண்டியைக் கையில் எடுத்தாள்.

பன்னிரண்டரைக்குப் பந்தி. தெருவோரமாக வரிசையாக இலை போட்டு உட்கார்ந்தார்கள். நான் சாம்பார் வாளியோடு வந்தேன். என் மடியில் அந்த ஐந்து பத்தித் தாள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

"பாய், இவியளுக்கு நீங்க எப்படிப் பழக்கம்?" எண்ணெய் வியாபாரி மைதீன் பாயிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஜவுளிதான். ஒரு சின்ன பாக்கி இருக்கு. நல்ல நாள்ல அதைப் பேசக்கூடாது."

"அட, எனக்கும் ஒரு பாக்கி இருக்கு."

பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கியபடி, "என்னது, பாக்கியா? எனக்கு ரெண்டு வருசமா இருக்கு" என்றார்.

"உங்களுக்குமா?"

"உமக்கு எவ்வளவு வே?"

அந்தக் கேள்வி என் வாளியைவிட வேகமாகப் பந்தியில் ஓடியது. நான் ரசத்தோடு கடைசி இலைக்குப் போகும்போது அது எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மெல்லுகிற சத்தம் நின்றுவிட்டது. பரிமாறுவதற்காக நின்றுகொண்டிருந்த பேச்சியம்மாள் கரண்டியை உயர்த்திக்கொண்டு பந்தியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தாள்.

"ஏய்யா, இந்தப் பந்தியில கடன் கொடுக்காத வீடு ஒண்ணாச்சும் உண்டா?"

கைக்குழந்தைகளைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை.

அப்போது வாசல் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வேலாயுதம் அண்ணாச்சி. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எப்போது வந்து உட்கார்ந்தாரோ தெரியாது. சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தார்.

"ஒருத்தரும் இதைப் படிக்கவே இல்லையா வே? நான் மூணு நாளா படிச்சுப் படிச்சுச் சிரிச்சுக்கிட்டு இருக்கேன். ஏட்டி, படிச்ச புள்ள, இங்கன வா. நீயே வாசி."

வாசித்தேன். நல்ல உச்சரிப்போடுதான் வாசித்தேன்.

"கடனீந்தோர்னா யாரு?" என்றார் பந்தல்காரர்.

"நாமதானாம்" என்றார் மைதீன் பாய்.

"நமக்கு இப்படியெல்லாமா பேரு வைப்பாவ?" என்று பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, மனுசருக்குப் புரியுத மாதிரி சொல்லு. என்னதான் உங்க வீட்டுல?"

மடியிலிருந்த தாளை எடுத்தேன். மை கலைந்து ஐந்து பத்தியும் ஒரே நீலமாக இருந்தது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கல்யாணம் ஒண்ணும் இல்ல பெரியம்மா. எங்களால கட்ட முடியல. அப்பா உங்ககிட்ட வாங்கி அவியளுக்கு வட்டி கட்டினாவ. அவியகிட்ட வாங்கி இவியளுக்குக் கட்டினாவ. மொத்தம் பதினொரு பேரு. நாளைக்கு வேலாயுதம் அண்ணாச்சி சைக்கிளைக் கொண்டுபோயிட்டா, சாப்பிடவும் ஒண்ணும் இல்ல, உங்களுக்குக் கொடுக்கவும் ஒண்ணும் இல்ல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டோம். மஞ்சள் தப்பு."

அப்பா மோர்ச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அதைக் கீழே வைக்கவில்லை. வைத்துவிட்டால் கைகளை என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. அவர் சிரிக்காமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

இரக்கப்பட்டு எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. முதலில் திட்டினார்கள். இலையை மடிக்காமலேயே திட்டினார்கள். எங்கள் தாத்தா வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வேலாயுதம் அண்ணாச்சி, "அதெல்லாம் உங்க பாடு. சைக்கிளை நான் நாளைக்கு எடுத்துக்கிடுதேன். எங்கிட்ட புரோநோட்டு இருக்கு" என்று எழுந்தார். அந்த நொடியில் திட்டு முழுவதும் திசை மாறியது.

"பன்னெண்டு சைக்கிளையும் நீரு உருட்டிக்கிட்டுப் போவீரு. நாங்க பத்துப் பேரும் பெல் அடிச்சுக்கிட்டுப் பின்னால வரணுமா?" என்றாள் பேச்சியம்மாள்.

"சைக்கிள் ஓடுனாத்தானய்யா எங்க காசு வரும்?" என்றார் எண்ணெய் வியாபாரி.

"என் பாக்கிக்கு நான் வட்டியே கேக்கலை" என்றார் மைதீன் பாய். "நீங்க எத்தனை வட்டி வாங்குறீங்க, கொஞ்சம் சபையில சொல்லுங்களேன்."

வேலாயுதம் அண்ணாச்சி சபையில் சொல்ல விரும்பவில்லை. மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

எங்கள் சைக்கிள்களை எங்கள் மேல் இருந்த அன்பு காப்பாற்றவில்லை. அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த சந்தேகம்தான் காப்பாற்றியது. மூன்று மணி வரைக்கும் கத்தி, கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சைக்கிள்கள் கடையிலேயே இருக்கும். வாரம் ஒருவர் என்று முறை வைத்து வசூலிலிருந்து வாங்கிக்கொள்வது. வட்டி பாதி. முதலில் அசல் கழியும். இனிமேல் அப்பா யாரிடமும் ஒரு பைசா வாங்கக்கூடாது. இதற்கெல்லாம் மேலே சிவனு அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டார்.

"கல்லாச் சாவி இவருகிட்ட இருக்கக்கூடாது. இவரு ஊருக்கே சைக்கிளைச் சும்மா கொடுத்துருவாரு. அந்தப் புள்ள உக்காரட்டும். நாப்பது பேரு முன்னால முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்சவ அவதான்."

அப்பா அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். பத்துக் கிலோ அரிசிப் பையை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார்.

கிளம்பும்போது குடத்தையும் சேலையையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். பேச்சியம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"வச்ச மொய்யத் திருப்பி வாங்குனா எங்க வீடு வெளங்குமா? என்னைக்காச்சும் உனக்குக் கல்யாணம் நடக்கும்லா? அதுக்கு இது. எழுதி வச்சுக்கோ."

எழுதி வைத்தேன். மாப்பிள்ளை இல்லாத கல்யாணத்துக்கு ஏழு பேர் வைத்த மொய். வழக்கப்படி அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு அதை நாங்கள் திருப்பிச் செய்ய வேண்டும். அப்படிப் பார்த்தால் கடனிலிருந்து வெளியேற நாங்கள் வைத்த முதல் அடியில், மொய்யும் சிவனு அண்ணாச்சியின் அரிசியும் சேர்ந்து கடன் கூடித்தான் இருந்தது.

மறுநாள் இன்ஸ்டிடியூட் முடிந்ததும் போய்க் கல்லாவில் உட்கார்ந்தேன். அப்பாவின் கூட்டாளி ஒருவர் வந்து, "மக்கா, ஒரு வண்டியை எடுத்துட்டுப் போறேன், அப்பாவுக்குத் தெரியும்" என்றார். நான் கையை நீட்டி வாடகையைக் கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒரு சைக்கிளின் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, சரியாக இருந்த பிரேக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஆறு வருடம் ஆனது. கடைசித் தவணையைக் கொடுத்த அன்று வேலாயுதம் அண்ணாச்சி புரோநோட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார். நான் நேர்வழியிலேயே வீட்டுக்கு நடந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்கு அடுத்த வருடம் எனக்கு நிஜமாகவே மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணைப் பற்றி விசாரிக்க ராயகிரிக்குப் போயிருக்கிறார். விசாரித்தது பேச்சியம்மாளிடம். அவள் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறாள்: "தங்கமான புள்ள. போன கல்யாணத்துக்கே நான் எவர்சில்வர் குடம் வச்சேன்."

இரண்டு வாரம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. விஷயம் தெரிந்ததும் அப்பாவும் வேலாயுதம் அண்ணாச்சியும் பஸ் ஏறிப் போய் விளக்கிவிட்டு வந்தார்கள். வட்டிக்குக் கொடுத்தவர் சாட்சி சொல்லி நிச்சயமான கல்யாணம் இந்த ஜில்லாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

என் கணவர் இன்றைக்கும் புதிதாக யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தினால் முகத்தைத் துளியும் மாற்றாமல் இப்படித்தான் ஆரம்பிப்பார்: "இவ மொதக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடலை. கடன் கொடுத்தவங்களுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாவ."